அந்த இரண்டு சொற்களை எழுதியது நீங்கள்தானே?

கேள்வி: அப்பா வைத்திருந்த நாட்டுப்புறப் பாடல் எல்.பி. இசைத்தட்டு ஒன்றை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, புதுச்சேரிக்காரர் ஒருவருக்கு 9,500 ரூபாய்க்கு விற்றேன். ‘நியர் மின்ட், கீறல் இல்லை’ என்று குறிப்பிட்டிருந்தேன். கூரியரில் கிடைத்து 12 நாள் கழித்து, இரண்டாம் பாட்டில் ஊசி தாவுகிறது, பணத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் போலீசுக்குப் போவேன் என்கிறார். அப்பாவையும் இழிவாகப் பேசினார். அந்தப் பாட்டு அப்பா காலத்திலேயே கொஞ்சம் தாவும்தான். பழைய பொருள் என்றால் அப்படித்தானே இருக்கும்?
(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அப்பாவின் இசை ஆர்வத்துக்கு இரண்டு, வாங்கியவரின் வாய்த்துடுக்குக்கு ஒன்று. அந்த மூன்றையும் மடித்து வைத்துவிட்டேன். வழக்கு என்று வந்தால் நிற்கப்போவது ‘நியர் மின்ட்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும்.

சேகரிப்பவர்களிடம் அதற்குத் திட்டமான பொருள் உண்டு: ஏறக்குறையப் புதிது, தட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏதோ வெளிநாட்டு விளம்பரத்தைப் பார்த்து எழுதினேன் என்கிறீர்கள்; அது எடுபடாது. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15. புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கிப் போயிருந்தால் கதை வேறு. இவர் உங்கள் சொல்லை நம்பி வாங்கினார். 12 நாள் தாமதமும் பெரிதல்ல. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பணம் வந்த பிறகு அனுப்பினீர்களே, அதற்கு மதிப்பே இல்லை.

நுகர்வோர் ஆணையம் என்று அவர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். வீட்டில் கிடந்த ஒரு தட்டை விற்றவர் வியாபாரி அல்லர். மாதந்தோறும் விற்கிறவர் என்றால் இந்த வரியை நம்பாதீர்கள்.

இதுவரை பணத் தகராறுதான். என்னை உறுத்துவது ‘அப்பா காலத்திலேயே தாவும்’ என்ற வரி. குறை தெரியாமல் விற்றால் சிவில் விவகாரம். தெரிந்தே மறைத்து விற்றதாகத் தோன்றினால், பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் பிரிவு 318(4), மோசடி. ஏழாண்டு வரை சிறை. பழைய கேமரா விற்ற ஒருவர், வாங்கியவரின் ஏச்சு பொறுக்காமல், ‘பழசு என்றால் ஷட்டர் சிக்கத்தான் செய்யும், எனக்குத் தெரியாதா?’ என்று இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் காலையில் அதன் நகலோடு காவல் நிலையத்தில் புகார். ரோஷத்தில் எழுதிய வரிதான் அவருக்கு எதிரான சாட்சி. கேமராவின் விலையைப்போல் பல மடங்கு ஜாமீனுக்கும் வாய்தாவுக்கும் போனது. அந்தக் கட்டத்தில் சமரசத்துக்குக்கூட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. பேசாமல் இருங்கள் என்கிறேன். ஏற்கெனவே அனுப்பியதை அழிக்கவும் வேண்டாம். அவரிடம் அதன் நகல் இருக்கக்கூடும். நீங்கள் அழித்தது மட்டும் கூடுதலாகச் சேரும்.

9,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் கூரியரில் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். பஸ் ஏறி நேரில் போங்கள். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, அந்த எண்ணையும் லேபிளில் அப்பா மையால் எழுதிய பெயரையும் ஒப்பிடுங்கள். நல்ல தட்டை வைத்துக்கொண்டு தேய்ந்ததைத் திருப்பித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். சரியாக இருந்தால், அங்கேயே வங்கிக் கணக்கு வழியாகப் பணம் அனுப்பி, ‘தட்டைத் திருப்பிக் கொடுத்தேன், முழுத் தொகையும் பெற்றேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எண்ணோ பெயரோ பொருந்தாவிட்டால் வாக்குவாதம் செய்யாமல், பணம் கொடுக்காமல், திரும்பி வாருங்கள். அப்போது நமக்கும் ஒரு வழக்கு இருக்கும்.