கல்லும் கனிமமும்: வாசகர் கேள்விகள்

கே: கிணறு வெட்டும்போது வெள்ளைக் கல் வந்தது. ஆசிட் விட்டால் பொங்குகிறது. கம்பம்மெட்டில் கார்பனடைட் பாறை இருப்பதாகச் சொல்கிறார்களே, இதுவும் அதுதானா?
– வாசகர், உசிலம்பட்டி

ப: பொங்குவதை வைத்து முடிவு கட்ட முடியாது. சுக்கானும் (மண்ணில் உருவாகும் சுண்ணாம்புக் கட்டி) பொங்கும், பளிங்கும் பொங்கும். மதுரை வட்டாரத்தில் பளிங்கு, அதாவது படிகச் சுண்ணாம்புக்கல் ஏராளம் என்பதால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். கார்பனடைட் பூமிக்கடியிலிருந்து வந்த குழம்பு உறைந்தது. அதில் கார்பனேட் கனிமங்கள் பாதிக்கு மேல் இருக்கும்.

கல்லை உடைத்து, புது முகத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கிராஃபைட் செதில், பச்சை டயாப்சைடு மணி தெரிந்தால் பெரும்பாலும் பளிங்கு. அபடைட்டும் காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட்டும் சேர்ந்து நிறைய இருந்தால் கார்பனடைட்டாக இருக்க வாய்ப்பு கூடுகிறது. பழுப்பு மைக்கா இரண்டிலும் வரும், அதை நம்பாதீர்கள். தீர்ப்பு ரசாயனத்தில்தான். சாதாரணச் சுண்ணாம்புக்கல்லில் ஸ்ட்ரான்சியம் பொதுவாகச் சில நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்), லாந்தனம், சீரியம் போன்ற அருமண் தனிமங்கள் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் நூறைத் தாண்டாது. கார்பனடைட்டில் ஸ்ட்ரான்சியம் பல ஆயிரம் போகும். பேரியமும் லாந்தனம், சீரியமும் கூடவே ஏறும். மேல்தோல் நீக்கிய இரண்டு கிலோ கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

கே: ஒரே கார்பனடைட் தூளுக்கு இரண்டு ஆய்வகங்களில் அருமண் அளவு வேறுவேறாக வருகிறது. அருமண்களில் ஒன்றான யூரோப்பியம் மட்டும் தனியாகத் தூக்கி நிற்கிறது. ஏன்?
– முதுகலை நிலவியல் மாணவி, மதுரை

ப: குறைவாகக் காட்டிய ஆய்வகம் எப்படிக் கரைத்தது என்று கேளுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஊற்றினால் கல்லிலுள்ள கால்சியம் ஃபுளோரைடாக வீழ்ந்து, அருமண்ணையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். அருமண் தாங்கும் மோனசைட், சிர்க்கான் போன்ற கனிமங்கள் அமிலத்துக்கு எளிதில் மசியவும் மாட்டா. 0.2 கிராம் தூளோடு 1 கிராம் லித்தியம் மெட்டாபோரேட் கலந்து, கிராஃபைட் மூசையில் 1000 டிகிரி செல்சியஸில் உருக்கி, 5 சதவீத நைட்ரிக் அமிலத்தில் கரைப்பதே நம்பகமான வழி.

யூரோப்பியம் ஏறியதற்குப் பேரியமே காரணமாக இருக்கலாம். தனிமங்களை அணு எடையால் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியின் பிளாஸ்மாவில் பேரியம் 135 ஆக்சிஜன் 16-ஐச் சேர்த்துக்கொண்டு 151 ஆகிறது. 137 அதேபோல 153. யூரோப்பியத்தின் இரண்டு ஐசோடோப்புகளும் அதே எடைதான், தப்பிக்க இடமில்லை. வெறும் பேரியக் கரைசலை ஓட்டி ஆக்சைடு விகிதத்தை அளந்து கழியுங்கள். நீர்க்கச் செய்தால் சரியாகும் என்பார்கள். ஆகாது, பேரியமும் யூரோப்பியமும் ஒன்றாகத்தான் குறையும்.

டங்ஸ்டன் கார்பைடு ஆலையில் அரைத்திருந்தால் டான்டலம், கோபால்ட் எண்களையும் நம்ப வேண்டாம். அகேட் கல்லால் ஆன ஆலை நல்லது.

கே: கம்பம்மெட்டில் அருமண் சுரங்கம் வருமா?
– வாசகர், கம்பம்

ப: அங்கே மோனசைட், அலனைட் இருப்பது உண்மை. ஆனால் பாறையில் அருமண் 1000 பிபிஎம் இருந்தாலும் அது வெறும் 0.1 சதவீதம், கலிஃபோர்னியாவின் மவுன்டன் பாஸ் அருமண் சுரங்கத்தில் வெட்டுவது பல சதவீதத் தாது. கார்பனடைட்டில் நியோடிமியம் வரையிலான லேசான அருமண்களே அதிகம், டிஸ்புரோசியம் போன்ற கனமானவை சொற்பம். போதாக்குறைக்கு மோனசைட்டில் கதிரியக்கத் தனிமமான தோரியம் உண்டு. அதனால் அணுசக்திச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் அதைக் கையாள முடியாது.