யாருக்கு வந்த அழைப்பு?

கேள்வி: எங்கள் அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்சையும் வாய்ஸ் மெயில் கருவியையும் ஒரு சீரியல் கேபிள் இணைக்கிறது. கருவியை இரண்டு மாடி மேலே மாற்றியதிலிருந்து, ஆள் எடுக்காத அழைப்புகள் அவரவர் பெட்டிக்குப் போகாமல் பொது வரவேற்புக் குரலில் போய் நிற்கின்றன. செய்தியைக் கேட்டு அழித்த பிறகும் போனில் சிவப்பு விளக்கு அணைவதில்லை. புதுக் கருவி வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பேச்சு எக்ஸ்டென்ஷன் லைன்களில் போகிறது. அது யாருக்கு வந்த அழைப்பு, ஏன் வாய்ஸ் மெயிலுக்குத் திரும்பியது என்ற தகவல் மட்டும் அந்த சீரியல் கேபிளில் தனியாகப் போகிறது. எஸ்.எம்.டி.ஐ. என்கிறோமே, அதுதான். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு குட்டி வரி: ‘எம்’, ‘டி’ என்ற எழுத்துகள், மூன்று இலக்க டெஸ்க் எண் (வாய்ஸ் மெயில் லைன்களின் குழு எண்), அழைப்பு எந்த லைனில் அடிக்கிறது என்ற நான்கு இலக்க லைன் எண், அப்புறம் காரணத்துக்கு ஓர் எழுத்து. பிஸியாக இருந்தால் ‘பி’, எடுக்கவில்லை என்றால் ‘என்’. கடைசியில் அழைக்கப்பட்டவர், அழைத்தவர் எண்கள். விளக்கை ஏற்று, அணை என்ற கட்டளைகள் அதே கேபிளில் எதிர்த்திசையில் வருகின்றன. உங்களுக்கு இரண்டு திசையும் கெட்டிருக்கிறது. அதனால் என் சந்தேகம் கேபிள் மேலும் போர்ட் செட்டிங் மேலும்தான்.

ஆர்.எஸ்.-232 என்ற இந்த வகை சீரியல் கேபிளுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 15 மீட்டர். இரண்டு மாடி ஏற்றினால் அதைத் தாண்டியிருக்கும், மின்சார வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் இன்னும் மோசம். இரு முனையிலும், நீண்ட தூரம் தாங்கும் ஆர்.எஸ்.-422 முறைக்கு மாற்றும் கன்வர்ட்டர் போடுங்கள், தூரம் பிரச்சினையே இல்லை.

அதற்கு முன்னால் லேப்டாப்பை மாட்டி, எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் வரியைக் கண்ணால் பாருங்கள். வழக்கமான செட்டிங் 1200 பாட் (வேகம்), எழுத்துக்கு 7 பிட், ஈவன் பேரிட்டி. பேரிட்டி என்பது, ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி கூடவே அனுப்பும் சரிபார்ப்பு பிட். ஒருமுறை இதில் இரண்டு நாள் தொலைத்தேன். ‘எம்’, ‘டி’ பளிச்சென்று வந்தது. 0, 3, 5, 6, 9 சரியாக வந்தன. 1, 2, 4, 7, 8 மட்டும் கிறுக்கலாக வந்தன. கேபிளை மூன்று தரம் மாற்றினேன். கோளாறு கேபிளில் இல்லை. தகவலைப் பெறும் பக்கத்தில் யாரோ 8 பிட், பேரிட்டி இல்லை என்று வைத்திருந்தார்கள். ஒன்றுகள் ஒற்றைப்படையாக உள்ள எழுத்துகளில் பேரிட்டி பிட் எட்டாவது பிட்டாக ஒட்டிக்கொண்டு எழுத்தையே மாற்றிவிடுகிறது. இலக்கங்களில் சரியாக அந்த ஐந்துதான் அப்படி. உங்கள் திரையிலும் அதே ஐந்து கெட்டிருந்தால், செட்டிங்கைத் திருத்தினால் போதும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் பாருங்கள். கருவியை நகர்த்தும்போது எக்ஸ்டென்ஷன் லைன்களை இடம் மாற்றிச் செருகிவிடுவார்கள். ஐந்தாம் லைன் என்று வரி சொல்லும், மணி ஆறில் அடிக்கும். ஒரே அழைப்பு என்றால் கருவி குழம்பிப் பொது வரவேற்புக்குப் போய்விடும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு வந்தால், ஒருவருக்குச் சொன்ன செய்தி இன்னொருவர் பெட்டியில் விழும். சம்பள விஷயமோ வைத்திய விஷயமோ அப்படி இடம் மாறிப் போவதை என்னால் சின்னக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. கேபிளைச் சரி செய்ததும், இரண்டு போனிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு எக்ஸ்டென்ஷனுக்கு அடித்து, அவரவர் பெயரைச் சொல்லிச் செய்தி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடி லைனுக்கும் இதைச் செய்த பிறகே மற்றவர்களைப் பயன்படுத்த விடுங்கள்.