தாய் சி பழகும்போது தலை சுற்றுவது ஏன்?

கேள்வி: நானுஓயாவுக்கு அருகில் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வயது 61. பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன். பேத்தியின் போனில் பார்த்து இரண்டு மாதமாகக் காலையில் தாய் சி என்ற சீனத்து மெல்லசைவுப் பயிற்சியைப் பழகுகிறேன். எண்ணி மூச்சை இழுத்து, அடக்கி, விடும்போது தலை சுற்றுகிறது, முழங்காலும் வலிக்கிறது. எங்கள் ஊரின் உயரம்தான் காரணமா? விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம் அம்மா, மூச்சை எண்ணுவதையும் அடக்குவதையும் மட்டும் இன்றே நிறுத்துங்கள். உங்களுக்கு அருகிலுள்ள நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அப்பகுதியில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் என்பது உண்மையே. ஆனால் முப்பது வருடம் அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டே கூடையோடு ஏற்றம் ஏறிய உடலுக்கு, வீட்டு முன் இஸ்தோப்பில் நின்று மெல்லக் கையசைக்க அது போதாமற் போகாது. தேவைக்கு மேல் ஆழமாக மூச்சிழுத்து விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை இலேசாகிறது, சிலருக்கு விரல் நுனிகளும் விறுவிறுக்கும். மூச்சை அடக்கி உடலை இறுக்கினாலோ பிரஷர் ஏறி இறங்கித் தடுமாறும். பிரஷர் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

தாய் சியில் மூச்சு இயல்பாகவே போக வேண்டும். உள்ளங்கையைத் தொப்புளுக்குக் கீழே வைத்து, மூக்கால் இழுக்கும்போது வயிறு மெல்லப் புடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கைகளை உடலை நோக்கி எடுக்கையில் உள்மூச்சு, வெளியே தள்ளுகையில் வெளிமூச்சு என்ற ஒழுங்கு, அசைவு மனதில் பதிந்த பிறகு தானாக வந்து சேரும். அதைத் துரத்திப் பிடிக்க முயன்றதுதான் பெரும்பாலும் உங்களைத் தலை சுற்ற வைத்திருக்கிறது.

முழங்காலுக்கு வருவோம். மழை பெய்த மலையில் சரிவில் இறங்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? பாரம் முழுவதையும் மேற்காலில் நிறுத்தி, மற்றக் காலை வெறுமையாக நீட்டி, குதிகாலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, வழுக்காது என்று தெரிந்த பின்னரே பாரத்தை மாற்றுவீர்கள். சீனத்து ஆசான்கள் வெற்றுக்கால், நிறைகால் என்று பிரித்துச் சொல்லித்தரும் பாடம் இதுவேதான், நீங்கள் அதை மலையில் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். வலி பெரும்பாலும் இரண்டு தவறுகளால் வரும். ஒன்று, பாரம் நிற்கும் பாதத்தை அப்படியே ஊன்றிக்கொண்டு உடலைத் திருப்புவது. அப்போது முறுக்கு முழுவதும் முழங்காலில் விழுகிறது. பாரத்தை எடுத்த பிறகே பாதத்தைத் திருப்புங்கள். மற்றையது, போனில் தெரியும் இளம் ஆசிரியரைப் போலத் தாழ அமர முயல்வது. அறுபதைத் தாண்டிய முழங்காலுக்கு அந்தத் தாழ்வு தேவையில்லை; இலேசாக மடித்தால் போதும். முழங்கால் உள்ளே சாயாமல் இரண்டாம் விரலின் திசையையே பார்க்கட்டும், குனிந்து பார்த்தால் பெருவிரல் நுனி மறையாமல் தெரிய வேண்டும். முறையாகச் செய்தால் முழங்காலுக்கு நன்மைதான்: மூட்டுத் தேய்வு உள்ள 204 பேரிடம் நடத்தி 2016 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 12 வாரத் தாய் சிப் பயிற்சி இயன்மருத்துவச் சிகிச்சைக்கு நிகரான பலன் தந்தது.

நிற்கும் நிலையில் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிய கழுத்து, கயிறு இல்லாத போதும் முன்னே தள்ளி நிற்கும், தோள்களும் காதுப்பக்கம் ஏறியிருக்கும். கொழுந்து எடுத்த பெண்களைச் சுவரில் முதுகு சாய்த்து நிற்கச் சொன்னால் பின்தலை சுவரைத் தொடாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உச்சந்தலையை யாரோ மேலிருந்து நூலால் பிடித்திருப்பதாக நினைத்து, தாடையைச் சற்று உள்ளே இழுத்து, முழங்கைகளைத் தொங்கவிடுங்கள். நெஞ்சை நிமிர்த்திப் புடைக்க வேண்டாம், மூச்சு மேலே ஏறிவிடும்.

விடியற்காலைக் குளிரில், பனி படிந்த சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் பழகாதீர்கள். வெயில் விழுந்த பின், வழுக்காத சப்பாத்துடன் பத்து நிமிடம் போதும்.

மூச்சை அடக்காமலே, படுக்கையிலிருந்து எழும்போதும் தலை சுற்றினால் அது மாத்திரையாலும் இருக்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல், அடுத்த கிளினிக்கில் படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், ஒரு பக்கக் கைகால் தளர்வு, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.