அறுபது வெள்ளி போத்தலும் ஆண்குறி முளைத்த நத்தையும்

கேள்வி: பிளாஸ்டிக்கில் இருக்கும் ரசாயனம் பிள்ளைகளின் ஹார்மோனைக் கெடுத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் வருகிறது. 9 வயது மகளுக்கு உடம்பில் மாற்றம் தெரிய ஆரம்பித்ததும் பயந்துபோய், 'பிபிஏ இல்லை' (அதுவும் அப்படிப்பட்ட ஒரு பிளாஸ்டிக் ரசாயனமாம்) என்று ஒட்டிய போத்தல் ஒன்றை 60 வெள்ளிக்கு வாங்கினேன். அது போதுமா? கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டரில்கூடக் கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறது என்கிறார்களே? எல்லாம் வெறும் பீதி என்கிறார் கணவர்.
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: போதாது. பீதியும் இல்லை. இரண்டாவதை நான் சொன்னதாகவே கணவரிடம் சொல்லுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட்டில் உட்கார்ந்தால் வரிசையாகக் கப்பல் நிற்பது தெரியும் இல்லையா, அவற்றின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க ட்ரைபியூட்டைல்டின் என்ற ரசாயனம் கலந்த பெயின்ட்டைப் பல ஆண்டுகள் உலகம் முழுக்க அடித்தார்கள். அது கடலில் கரைந்தது. பாறையில் ஊரும் பெண் நத்தைகளுக்கு ஆண்குறி முளைத்தது. கதை விடவில்லை, முற்றிய நிலையில் முட்டை வெளியேறும் வழியே அடைபட்டு நத்தை செத்துப்போகும். மலாக்கா நீரிணையிலும் கப்பல் தடத்துக்குக் கிட்டே இருந்த நத்தைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். எவ்வளவு விஷம் தேவைப்பட்டது தெரியுமா? லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவிலேயே தொடங்கிவிடும். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்துக்கு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ஹார்மோன் உடம்பில் வேலை செய்வதே அந்த அளவில்தான், அதனால் 'கொஞ்சம்தானே' என்ற பேச்சு இங்கே எடுபடாது.

சிப்பி வளர்ப்பு நாசமானதும் பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்கு அந்தப் பெயின்ட்டைத் தடை செய்தது. உலகக் கப்பல்களுக்கான ஒப்பந்தம் 2001இல் கையெழுத்தாகி, 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. 26 வருஷம்! 'ட்ரைபியூட்டைல்டின் இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டிய கப்பலைத் தேடிப் போக நத்தைக்கு வழியில்லை பாருங்கள்.

மனிதர்கள் விஷயத்திலும் இப்படித்தான். கருச்சிதைவைத் தடுக்கும் என்று டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை 1940களிலிருந்து கர்ப்பிணிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1971இல் பார்த்தால், வயிற்றில் இருந்தபோது அதை வாங்கிக்கொண்ட மகள்களுக்கு இளம் வயதிலேயே அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய். மருந்தை விழுங்கியது அம்மா, விலை கொடுத்தது மகள். எவ்வளவு சாப்பிட்டோம் என்பதோடு எப்போது சாப்பிட்டோம் என்பதும் முக்கியம் என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, உங்கள் போத்தலுக்கு வருவோம். பிபிஏவை எடுத்த பல கம்பெனிகள் அதன் பங்காளியான பிபிஎஸ்ஸைப் போட்டன, அதுவும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறது. பிபிஏ ஒரு நாளைக்கு இவ்வளவு போகலாம் என்று வைத்திருந்த வரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 20,000 மடங்கு குறைத்தது. முன்னால் இருந்த வரம்பை நம்பிக் குழந்தை வளர்த்தவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

நியூவாட்டர் கேள்வியை அசட்டுக் கேள்வி என்று சொல்லமாட்டேன். கனடாவில் ஒரு ஏரியில் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் சேர்த்துப் பார்த்தார்கள், சில வருஷத்தில் ஒரு சின்ன மீன் இனம் அங்கே கிட்டத்தட்ட இல்லாமலே போனது. ஆனால் நம்மவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. 2003இல் அறிமுகப்படுத்தும் முன்பே, 500 மடங்கு அடர்த்தியாக்கிய நீரை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், மெடாக்கா என்ற சின்ன மீன்களை நியூவாட்டரில் வளர்த்து ஈஸ்ட்ரோஜன் பாதிப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். நுண்வடிகட்டல், எதிர்ச்சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் எல்லாம் தாண்டித்தான் வருகிறது. அதிலும் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. குடியுங்கள்.

மகளைப் பற்றி: பெண் பிள்ளைக்கு 8 வயதுக்குமேல் பருவ மாற்றம் தொடங்குவது இயல்பு. 8க்கு முன்னால் என்றால் பாலிகிளினிக்கில் காட்ட வேண்டும். சீக்கிரம் பூப்படைவதில் உடல் எடைக்கும் பெரிய பங்கு உண்டு, எல்லாப் பழியையும் டப்பாமேல் போட்டுவிட்டுப் பபிள் டீ வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டே. பிளாஸ்டிக் டப்பாவோடு மைக்ரோவேவில் வைக்காதீர்கள் (என் வீட்டிலும் மார்ஜரின் டப்பாவில் மீன் குழம்பு சூடான காலம் உண்டு). அப்புறம், சூடான சூப்பையும் குழம்பையும் பையில் தபாவ் வாங்குவதை நிறுத்துங்கள். தேக்காவில் ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்கிக் கோப்பிக்கடைக்குக் கொண்டு போனால் முதல் நாள் கடைக்காரர் முறைப்பார், மூன்றாம் நாள் கேட்காமலே கொஞ்சம் கூட ஊற்றுவார். என் அனுபவம்.