0.62 என்றால் ஒன்றா, இரண்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானோவைரத் துகளில் நைட்ரஜன் வெற்றிட மையம் ஒன்றை (நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்தில் கார்பன் இல்லாத காலியிடமும் சேர்ந்த, ஒளிரும் குறை) 532 நானோமீட்டர் லேசரால் தூண்டி, வரும் ஒளியை இரு டிடெக்டர்களுக்குப் பாதிப் பாதியாகப் பிரித்து ஃபோட்டான் தொடர்பை, அதாவது எந்தத் தாமதத்தில் எத்தனை ஃபோட்டான் ஜோடிகள் வருகின்றன என்பதை, அளந்தேன். பத்து நிமிடம், ஒவ்வொரு டிடெக்டரிலும் நொடிக்கு 25,000 எண்ணிக்கை. பக்கத்தில் துகள் இல்லாத இடத்தில் இரு டிடெக்டர்களும் சேர்த்து நொடிக்கு 10,000. பூஜ்ய தாமதத்தில் பள்ளம் 0.62 வரைதான் இறங்குகிறது. ஒற்றை மையம் என்றால் 0.5-க்குக் கீழே இறங்க வேண்டும் என்பார்கள்; அதைத் தாண்டிவிட்டதால் இதை ஒதுக்கிவிடலாமா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

ஒதுக்க வேண்டாம். 50,000-இல் 10,000 பின்னணி என்றால் மையத்தின் பங்கு 0.8, அதன் வர்க்கம் 0.64. அப்பழுக்கற்ற ஒற்றை மையமே இந்தப் பின்னணியில் 0.36-க்குக் கீழே இறங்காது. 0.62-இல் 0.36-ஐக் கழித்து 0.64-ஆல் வகுங்கள்: 0.41. துகளின் மேற்பரப்பும் ஒளிர்வதால் உண்மையான பின்னணி நீங்கள் அளந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அதற்காக ‘ஒன்றேதான்’ என்று எழுதிவிடாதீர்கள். 0.5 என்பது சம ஒளி தரும் இரண்டு மையங்களுக்கான கணக்கு. 72-க்கு 28 என்று ஒளி பிரிந்தால் இரண்டு சேர்ந்தே 0.40 காட்டும்! லேசரின் முனைவாக்கத்தை (ஒளி அதிரும் திசையை) சுழற்றி, ஒவ்வொரு கோணத்திலும் பின்னணியைத் தனியே அளந்து திருத்துங்கள். அச்சு வேறான இரண்டு மையங்கள் என்றால் பங்கு மாறும், பள்ளமும் ஏறி இறங்கும்.

எதை 1 என்று வைத்தீர்கள்? பள்ளத்துக்கு இருபுறமும் தோள்கள் 1-க்கு மேல் எழும். எலெக்ட்ரான் இருண்ட இடைநிலையில் சிக்கிக்கொள்வதால் வருவது அது. தோளை 1 ஆக்கினால் பள்ளம் பொய்யாக ஆழமாகும். இரு எண்ணிக்கை வீதங்கள், பெட்டி அகலம் (தாமதத்தைக் கூறுபோடும் ஒரு துண்டின் நீளம்), அளந்த மொத்த நேரம் நான்கையும் பெருக்குங்கள்; அதுதான் 1. அரை நானோநொடிப் பெட்டிக்கு உங்கள் கணக்கில் 188 வரும்.

டிடெக்டரின் நேரத் தடுமாற்றம் இங்கே பெரிய விஷயமில்லை. ஒன்றுக்கு 350 பிக்கோநொடி என்றால் இரண்டுக்கும் சேர்த்து அரை நானோநொடி. தூண்டப்பட்ட மையம் ஒளி விடும் வரையான ஆயுள் பத்து நானோநொடிக்கு மேல். ஒரு நானோநொடி ஆயுளுள்ள குவாண்டம் புள்ளி (ஒளிரும் நுண்ணிய குறைக்கடத்தித் துகள்) என்றால் கதையே வேறு.

கவலை எண்ணிக்கையில்தான். பள்ளத்தின் அடியில் 188-இல் 0.62 பங்கு, சுமார் 116; பிழை 11, அதாவது 0.06. திருத்தியபின் 0.09. 0.41 அப்படியே 0.5-ஐத் தொட்டுவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டினால் பிழை 0.04-க்கு இறங்கும். நடுவில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குவியத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். துகள் நகர்ந்தால் சேர்வது பின்னணி மட்டுமே.