"ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்கிறார், சிஸ்டர்!"

மறதிநோய் சிகிச்சைப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டே என் அப்பாவுக்கு அந்த நோய் வந்தது. ஆறு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். வார்டில் மற்றவர்களுக்கு அள்ளி வழங்கிய அறிவுரைகளில் பாதியை நினைத்தால் இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது உங்கள் மருத்துவரின் வேலை.

அம்மாவுக்கு டிமென்ஷியா என்றார் ஒரு மருத்துவர். இன்னொருவர் சீட்டில் அல்சைமர் என்று எழுதியிருக்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பலாம். காய்ச்சல் என்பதைப் போல டிமென்ஷியா, அதாவது மறதிநோய், ஒரு பொதுப்பெயர். அன்றாட வேலைகளே தடுமாறும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் குறைந்துவிட்டன என்பதுதான் அதன் பொருள். ஏன் குறைந்தன என்று கேட்டால் வரும் விடைகளில் ஒன்று அல்சைமர். நூற்றில் 60 முதல் 70 பேருக்கு அதுதான் காரணம். மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைப்படுவதால் வருவது, மூளைச் செல்களில் லூயி பாடி என்ற புரதத் திரள்கள் சேர்வதால் வருவது என்று வேறு சிலவும் உண்டு.

எந்த வகை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. லூயி பாடி வகை உள்ளவருக்கு, கொந்தளிப்பை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுத்தால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவருக்கு உங்கள் அம்மாவின் கதை தெரியாது. உங்கள் பையில் இருக்கும் அந்தத் துண்டுச்சீட்டுதான் சொல்லும். தைராய்டு, பி12 பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். இவற்றின் குறைபாடு மறதிநோய் போலவே தோன்றும். ஆனால் சிகிச்சை இருக்கிறது.

மாமனாரைப் பார்த்துக்கொள்கிறேன். இரவெல்லாம் கைப்பேசியில் இந்த நோயைப் பற்றிப் படிக்கிறேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது.

இரவு ஒரு மணிக்குப் படித்தால் எல்லா நோயும் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கும்! நீங்கள் படிப்பதில் பெரும்பகுதி உங்கள் மாமனார் இன்னும் வந்து சேராத இடத்தைப் பற்றியது. சில அவருக்கு வராமலே போகலாம்.

எங்கள் வார்டுக்கு ஒரு மகன் வருவார். பொறியாளர், நிறையப் படித்தவர். அவருடைய அப்பாவுக்கு மறதிநோய்க்கான டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து, "வேலை செய்யவில்லை, அதனால் நிறுத்திவிட்டேன்" என்றார். மாத்திரை போட்டால் பழைய நினைவெல்லாம் திரும்பும் என்று எண்ணியிருக்கிறார். சிலருக்குச் சரிவைக் கொஞ்ச காலம் தாமதப்படுத்தலாம், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று நாங்கள் யாருமே அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. அந்த ஆறு மாதமும், தான் நேரத்துக்குக் கொடுக்காததால்தான் மருந்து பலிக்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஆகவே இரவுப் படிப்பைக் குறைத்துவிட்டு, மருத்துவரிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இந்த மருந்து எதற்கு? பலன் தருகிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? எதைக் கண்டால் உடனே உங்களைக் கூப்பிட வேண்டும்? எழுந்து வருவதற்கு முன், "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று திருப்பிச் சொல்லுங்கள். அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் தவறைக் கேட்டால் நின்று திருத்துவார். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நேற்று முன்தினம் வரை சுமாராக இருந்த பாட்டி, இன்று யாரையும் அடையாளம் தெரியாமல் உளறுகிறார். நோய் முற்றிவிட்டதா?

மறதிநோய் பொதுவாக இரண்டு நாளில் இப்படி முற்றாது. சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து, கீழே விழுந்து தலையில் பட்ட அடி: இவற்றில் ஏதாவது இருக்கக்கூடும். இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். "எப்போதும் இப்படித்தான் இருப்பாரா?" என்று கேட்பார்கள். "இல்லை, இரண்டு நாளாகத்தான்" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

கணவர் ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்கிறார், சிஸ்டர். நேற்று கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. பத்து நிமிடத்தில் அவர் மறந்துவிட்டார், எனக்குத்தான் தூக்கமில்லை.

நானும் கத்தியிருக்கிறேன், அம்மா. அப்பாவுக்குக் குடை. "என் குடை எங்கே?" கதவோரம்தான் நிற்கும். எடுத்துக் கையில் கொடுப்பேன். துணியைத் தடவுவார், கைப்பிடியைத் திருப்பிப் பார்ப்பார், "இது இல்லை" என்று திருப்பித் தருவார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் குடை. ஒரு நாள் அதைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன், கம்பி ஒன்று வளைந்தது. 22 ஆண்டு அனுபவம் உள்ள செவிலியர் செய்த காரியம் இது.

புதிய செய்தியைப் பதிய வைக்கும் மூளைப்பகுதியைத்தான் அல்சைமர் முதலில் அரிக்கிறது. நீங்கள் சொன்ன பதில் அவருக்குள் பதியவே இல்லை. ஆகவே அவருக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் கேள்விதான். ஆனால் நிகழ்ச்சி மறந்த பிறகும் அது விட்டுச்சென்ற உணர்ச்சி தங்கியிருக்கும். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படக்காட்சிகளைக் காட்டினார்கள். காட்சி நினைவிலிருந்து நழுவிய பிறகும் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் நீடித்தன. இதை உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. கத்திய பிறகு அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டீர்களானால், அந்த இதமும் அதே போலத் தங்கும்.

குடையை எறிந்த மறுநாள் முதல், அவர் எத்தனை மணிக்குக் கேட்கிறார் என்று ஒரு நோட்டில் குறித்தேன். ஒரு வாரத்தில் விஷயம் வெளிப்பட்டது. பெரும்பாலும் சிறுநீர் முட்டும் நேரத்தில்தான் கேட்டிருக்கிறார்! எழுந்து எங்கோ போக வேண்டும் என்று உடல் சொல்கிறது. எங்கே என்று தெரியவில்லை. வெளியே போவதென்றால் குடை. அதன் பிறகு குடை என்றதும் கழிவறைக்குக் கூட்டிப் போனேன். கேள்வி முழுதாக நிற்கவில்லை, பாதிக்கு மேல் குறைந்தது. நீங்களும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.

இரவில் தூங்குவதே இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஒவ்வாமை மாத்திரை கொடுத்தால் தூங்குவார் என்கிறார்களே?

வேண்டாம். டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் நினைவுக்கு மூளை பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. அதே அசிட்டைல்கோலினைக் கூட்டத்தான் டோனெபெசில் கொடுக்கிறார்கள். ஒரு கையால் ஊற்றி மறு கையால் கவிழ்க்கும் வேலை இது. குழப்பம் கூடும், விழுவார். பகல் தூக்கம், வலி, சிறுநீர் இவற்றை முதலில் பாருங்கள்.

தொலைபேசியிலேயே யோசனை சொல்லும் அண்ணனை என்ன செய்வது?

யோசனைக்கு நன்றி சொல்லிவிட்டு, பெயர் போட்டு ஒரு வேலை கொடுங்கள். "உதவி செய்யுங்கள் அண்ணா" என்றால் யாரும் வர மாட்டார்கள். "ஞாயிறு காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அப்பா உங்கள் பொறுப்பு" என்று சொல்லுங்கள். ஒரு ஞாயிறு போதும், யோசனை குறைந்துவிடும்.

எனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் களைப்புதான். ஆனால் கையில் பட்ட சூட்டுக்காயம் ஆறவே மாட்டேன் என்கிறது.

சர்க்கரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மற்றொன்றையும் சொல்கிறேன். 1995இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஓஹையோவில், மறதிநோய் உள்ள உறவினரைப் பராமரித்த 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் செய்து கவனித்தார்கள். பராமரிப்புச் சுமை இல்லாத, அதே வயதுப் பெண்களைவிட இவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. மனச்சுமை தோலில் தெரிந்தது. எனவே "கொஞ்சம் களைப்புதான்" என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

பராமரிப்பவர் சுமையை அளக்கவே ஸாரிட் என்ற பெயரில் 22 கேள்விகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. அதை வைத்து உங்களைப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அவருக்காகப் போகும் அதே நாளில் உங்கள் பெயரிலும் ஒரு சீட்டு போடுங்கள்.

"சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். நான் மனுஷியா?

மனுஷிதான். வாய்விட்டுச் சொன்னவர்கள் குறைவு, நினைக்காதவர்கள் அதைவிடக் குறைவு. கண்முன்னே இருப்பவரைச் சிறிது சிறிதாக இழக்கும்போது துக்கம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஆனால் அவரையோ உங்களையோ ஏதாவது செய்துவிடலாம் என்று கை போகுமானால், அது வேறு. அவரைப் பாதுகாப்பாக விட்டு அடுத்த அறைக்குப் போய், யாரையாவது உடனே வரச் சொல்லுங்கள். அன்றே மருத்துவரிடமும் சொல்லுங்கள். ஒளிக்காதீர்கள்.

அம்மா என்னை "அக்கா" என்று கூப்பிடுகிறார். திருத்தவா?

வேண்டாம். அக்காவைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் அறியாத சிறுமி ஒருத்தி வெளியே வருவாள். என் அப்பா கடைசி ஆண்டில் என்னைத் தன் பள்ளி வாத்தியார் என்று எண்ணிக்கொண்டார். நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்கப் பார்ப்பார். மாத்திரையை மட்டும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்.