கழிவுத் தாங்கி நிறைந்தால் தண்ணியும் நிற்கும்

தங்கச்சி, கோண்டாவிலில் இருந்து நீங்கள் கேட்டிருந்தீர்கள்: என் கணவருக்குக் கனடாவின் வடக்கில் இருக்கிற நுனாவுட்டில் படிப்பிக்கிற வேலை கிடைத்திருக்கிறது, வீட்டுக்குத் தண்ணி பவுசரில், அதுதான் தாங்கி வைத்த லொறியில்தான் வருமாம், கழிவும் பவுசரில்தான் போகுமாம், ஒன்றரை வயதுப் பிள்ளையோடு அங்கே இருக்கலாமா என்று. இருக்கலாம். ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிற ஆர்வியட்டில் நான் கன காலமாக இருக்கிறேன், என் பிள்ளைகளும் இங்கேதான் வளர்ந்தார்கள். குளிரைப் பற்றி உங்களுக்கு எல்லாரும் சொல்வார்கள். வீட்டுக்குள் இருக்கிற கழிவுத் தாங்கியைப் பற்றி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளையின் சுகம் பாதி அதில்தான் தங்கியிருக்கிறது.

ஊரில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டிவிட்டால் பிறகு அதை மறந்துவிடுவோம். சுண்ணாம்புக்கல் எல்லாவற்றையும் கீழே விட்டுவிடும், அது கிணற்றடிக்கு வந்து சேரும். நெருப்புக்காய்ச்சலும் செங்கண்மாரியும் யாழ்ப்பாணத்துக்கு எப்படி வந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே நிலத்துக்குக் கீழே வருடம் முழுக்க உறைந்த மண். வெட்டினாலும் ஒரு சொட்டு ஊறாது. குழாயைத் தாட்டால் தண்ணி உறைந்துவிடும், குழாயின் சூட்டில் மண் இளகினால் மேலே இருக்கிற கட்டடம் சரியும். அதனால் நுனாவுட்டின் 25 ஊர்களில் இக்காலுவிட், ராங்கின் இன்லெட் மாதிரி மிகச் சில இடங்களில்தான் சூடாக்கிய குழாய்த் தொகுதி இருக்கிறது. மற்ற ஊர்களில் எல்லாம் பவுசர்தான்.

எங்கள் வீட்டில் அடுப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் வெள்ளை பிளாஸ்டிக் தண்ணித் தாங்கி, ஏறக்குறைய 1,100 லீற்றர் பிடிக்கும். கழிவுத் தாங்கி கீழே இருக்கிறது, அது கொஞ்சம் பெரிது. அதற்குள் ஒரு மிதவை இருக்கிறது. கழிவு மேலே ஏறினால் மிதவையும் ஏறி, தண்ணி மோட்டாரை நிறுத்திவிடும். அதாவது மேலே தாங்கி நிறையத் தண்ணி இருந்தாலும் பைப்பில் ஒரு சொட்டு வராது. வீட்டுக்குள் கழிவு பொங்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு, அது நல்லதுதான். ஆனால் பனிப்புயல் அடித்தால் பவுசர்கள் ஓடாது. இரண்டு மூன்று நாள் அப்படியே போகும். அந்த நாட்களில்தான் ஆட்கள் கை கழுவுவதைக் குறைக்கிறார்கள், ஒரே பாத்திரத் தண்ணியில் எல்லாரும் கை அலம்புகிறார்கள், பிள்ளையின் நாப்கினை மாற்றிவிட்டுத் துடைத்துக்கொண்டு சமையலுக்குப் போகிறார்கள். வயிற்றோட்டம் அங்கேதான் தொடங்குகிறது. அலாஸ்காவிலும் குழாய்த் தண்ணி இல்லாத ஊர்களில் சின்னப் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சலும் தோல் வருத்தங்களும் கூட என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். குடிக்கிற தண்ணி சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, கழுவுவதற்கும் தண்ணி வேண்டும். வீடு பற்றாக்குறையால் ஒரே வீட்டில் பத்துப் பேர் இருக்கிற, இந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான இனுயிட் குடும்பங்களின் பாடு இன்னும் மோசம். இதை ஒரு பணக்கார நாடு இவ்வளவு காலம் விட்டு வைத்திருப்பது எனக்குப் பொறுக்காத விஷயம்.

பவுசர் உறிஞ்சிக்கொண்டு போன கழிவு ஊருக்கு வெளியே ஒரு பெரிய குட்டைக்குப் போகிறது. வருடத்தில் முக்கால்வாசி அது உறைந்து கிடக்கும், கழிவைத் தின்று தீர்க்கிற கிருமிகளும் அந்தக் குளிரில் மந்தமாகிவிடும். கோடையின் சில கிழமை வெயிலில் நடப்பதுதான் சுத்திகரிப்பு. பிறகு கோடை முடிகிற நேரம் சதுப்பு நிலத்தின் வழியாகக் கடலுக்குத் திறந்து விடுவார்கள். கனடாவின் தெற்கில் இருக்கிறது போல இயந்திரச் சுத்திகரிப்பு ஆலை வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு பம்ப் பழுதானால் பாகம் விமானத்தில் வர வேண்டும், பெரிய சாமான் என்றால் கோடைக் கப்பலில்தான். கனடா 2012இல் கொண்டுவந்த கழிவுநீர் விதிகளும் நுனாவுட்டுக்குப் பொருந்தாது என்று விலக்கு இருக்கிறது. உங்களுக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: குட்டைப் பக்கமும் அது வடிகிற பக்கமும் பிள்ளையை விளையாட விடாதீர்கள். அந்தக் கரையில் எடுத்த மட்டியும் வேண்டாம். குளிரில் கிருமி செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், பல கிருமிகள் குளிரில்தான் கூடக் காலம் தாக்குப் பிடிக்கும்.

குடிதண்ணிக்குக் குளோரின் போட்டுத்தான் தருகிறார்கள். பனி உருகுகிற காலத்தில் தண்ணி கலங்கினால் கொதிக்க வைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி. எரிபொருள் மணம் வந்தால் மட்டும் கொதிக்க வைத்துப் பயனில்லை. இக்காலுவிட்டில் 2021 ஒக்டோபர் 12இல் குழாய்த் தண்ணியைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள், டிசம்பர் 10 வரை அந்தத் தடை இருந்தது. அதற்கு முன்னமே சனம் மணக்குது மணக்குது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த எங்களுக்கு அந்தச் செய்தி புதிதாக இருக்கவில்லை. மூக்கை நம்புங்கள், மணந்தால் உடனே சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே, தண்ணித் தாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது கழுவ வேண்டும், அடியில் சேறு படிந்திருந்தால் குளோரின் சரியாக வேலை செய்யாது. பவுசர் எந்த நாள் வரும் என்று தெரிந்துகொண்டு, உடுப்புத் தோய்ப்பதை அதற்கு முதல் நாள் செய்யாமல் வந்து போன பிறகு செய்யுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மூடியோடு இரண்டு வாளியில் தண்ணி பிடித்து வையுங்கள், அது கை கழுவ மட்டும். வாளியை மூடாமல் விட வேண்டாம், சின்னப் பிள்ளை இருக்கிற வீடு.

அப்புறம், மலசலகூடத்தில் தண்ணி பாவிக்கிற எங்கள் பழக்கத்தை விட வேண்டியதில்லை. ஒரு செம்புத் தண்ணி பெரிய கணக்கே இல்லை. ஈரத் துடைப்புத் தாளை மட்டும் உள்ளே போட்டுவிடாதீர்கள். அது உறிஞ்சுகிற குழாயை அடைத்தால், வந்த பவுசர் உங்கள் தாங்கியை எடுக்காமலே திரும்பிப் போகும்.